பீங்கான் வீட்டு அலங்காரம்

பீங்கான் வீட்டு அலங்காரம் என்பது சுட்ட களிமண்ணாலான பாண்டங்கள், பொம்மைகள், ஓடுகள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டை அழகுபடுத்துவதாகும். இதன் பெரும்பகுதியை வல்லுநர் உதவியின்றி வீட்டிலுள்ளவர்களே செய்துகொள்ள முடியும். தமிழ்நாட்டில் இத்தகைய பொருட்களுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் குறிப்பிடத்தக்கது.

விருத்தாசலமும் வேப்பூரும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அண்மையில் உள்ளது. நிலக்கரிப் படிவத்தின் மேலுள்ள மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைக்கின்றது. இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் பொம்மைகள், அகல் விளக்குகள், கோப்பைகள், மின்சார ஃபியூசுகளின் பீங்கான் பகுதிகள் முதலியன செய்யப்பட்டு வந்துள்ளன. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு வழங்கும் அரசு பயிலகம் ஒன்றும் இவ்வூரில் உண்டு. மேற்கே, கடலூர் - சேலம் சாலையும் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் வேப்பூர் ஆகும். திருச்சிப் பக்கமிருந்து வருவோர் விருத்தாசலத்துக்குத் திரும்பும் இடம் இதுவே.

தானியங்கி மின்துண்டிகள் பரவியபின் பீங்கான் ஃபியூசுகளின் தேவை எங்கும் சுருங்கிவிட்டது. ஆகையால் இத்தகைய சிறு கூடங்களுக்கு அலங்காரப் பொருட்களை வாங்குவோரின் விருப்பம் முன்னிலும் முக்கியமானது.

செய்முறை

களிமண், ஃபெல்ட்ஸ்பார், படிகக்கல் ஆகியவற்றின் தூளை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சுவதால் அதன் உட்சுவரையொட்டி மண் கெட்டியாகப் படியும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர். பீங்கான் பொம்மைகளின் உட்புறம் கூடாக இருப்பதற்குக் காரணம் இதுவே. உலர்ந்த பொருளைச் சூளையில் ஏறத்தாழ 900 முதல் 1000 பாகை செல்சியசு வரை சுட்டால், நுண்துளைகள் கொண்ட பிஸ்கட் நிலையை அடையும். அதன்மேல் கிளேசு எனப்படும் பூச்சிட்டு மீண்டும் சுடும்போது பூச்சு உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொள்ளும்.

வீட்டில் வண்ணம் தீட்ட விரும்புவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். பிஸ்கட் நிலையிலுள்ள பொம்மை அக்ரிலிக் வண்ணத்தை நன்கு பற்றிக்கொள்ளும். கிளேசு இட்ட பரப்பிலோ அதே வண்ணம் நாளடைவில் உரிந்துவிடும்.

முதிர்ந்த தோற்றம்

தமிழர் வீடுகளின் முன்னறைகளில் கண்ணாடி அலமாரி ஒன்று இருப்பது வழக்கம். திருமணப் பரிசுகள், பிள்ளைகள் வென்ற கோப்பைகள், கொலுவில் மிஞ்சிய பொம்மைகள், நெகிழிப் பூக்கள் எல்லாம் அதில் நெருங்கி நிற்கும். இவற்றுள் எதுவும் கண்ணில் தங்குவதில்லை. புதிதாக ஒன்றை வாங்குவதைவிட, இருப்பவற்றில் பாதியை எடுத்து வைப்பதே அறையின் தோற்றத்தை விரைவில் மாற்றும். கொலுப் பொம்மைகளை ஆண்டுக்கொருமுறை வெளியிலெடுக்கும் பழக்கத்தை இதற்கும் கைக்கொள்ளலாம். ஒரு தட்டில் உயரம் வேறுபட்ட மூன்று பாண்டங்கள், ஒரே வண்ணக் குடும்பத்தில் இருந்தால் போதுமானது. அடங்கிய நிறங்களை விரும்புவோருக்கு உயர்வெப்பத்தில் சுட்ட கற்பாண்டங்கள் ஏற்றவை. ரே மீக்கரும் டெபோரா சுமித்தும் 1971 இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இவ்வகைப் பாண்டங்களுக்குப் புகழ்பெற்றது.

உடைந்த ஓடுகள்

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் ஜப்பான், ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து தருவித்த பூவேலை ஓடுகளைக் காணலாம். (அப்பகுதியின் ஆத்தங்குடித் தரைக்கற்கள் சூளையில் சுடப்படாத சிமெண்டுக் கற்கள் என்பதால் அவை பீங்கான் ஆகா.) அத்தகைய செலவு எல்லோருக்கும் இயலாது. உடைந்த துண்டுகளைப் பதிப்பது எளிய மாற்றுவழியாகும். வெயில் வெப்பத்தைத் திருப்பியனுப்புவதற்காக மொட்டைமாடிகளில் வெள்ளை ஓட்டுத் துண்டுகள் பதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் முன்பே உள்ளது. சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்து, 1957 அளவில் தொடங்கிக் கழிவுப் பீங்கான் முதலியவற்றால் தனியொருவராக அமைத்த பாறைத் தோட்டம், 1976 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வீட்டுத் திண்ணையின் விளிம்பு, பூந்தொட்டி, துளசி மாடம் ஆகியன இவ்வேலையைப் பழகத் தகுந்தவை. ஓடுகளைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டவேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிவது கட்டாயம். நீர் உறிஞ்சும் சாதாரணச் சுவர் ஓட்டுத் துண்டுகளைச் சிமெண்டுக் கலவையில் பதிக்குமுன் ஊறவைத்தல் வேண்டும். இல்லையெனில் அவை கலவையின் நீரை இழுத்துக்கொள்ள, பிடிப்புக் குறைந்து சில மாதங்களில் பெயர்ந்துவிடும். விட்ரிஃபைடு ஓடுகள் நீரை அநேகமாக உறிஞ்சுவதில்லை. அவற்றை ஊறவைப்பதில் பயனில்லை, அதற்கென விற்கும் ஒட்டும் பசையே தேவை. கலவை இறுகிய மறுநாள் இடைவெளிகளைச் சிமெண்டுப் பாலால் நிரப்பி, காயுமுன் ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

வீட்டில் வண்ணம் தீட்டிய கோப்பைகளையும் தட்டுகளையும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. குறைந்த வெப்பத்தில் சுட்ட சில கிளேசுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருட்கள் அதனைக் கரைத்தெடுக்கும்.