குமாரமங்கலம் ஜமீன்தாரும் அவர் மக்களும்

இங்கிலாந்து வரலாற்றில் ஒரு வகை மனிதரை அடிக்கடி சந்திக்கிறோம். நாட்டுப்புறத்தில் பரந்த நிலம், ஆக்ஸ்போர்டில் கல்வி, பின்னர் அரசியலில் உயர்ந்த இருக்கை. நிலத்தோடு செல்வாக்கும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். நம் கொங்கு நாட்டிலும் அத்தகைய ஒருவர் வாழ்ந்தார்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1889இல் பிறந்தார். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். மங்களூரில் ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கு உழைத்த குத்மால் ரங்கராவின் மகள் ராதாபாயைச் சாதியும் மொழியும் கடந்து மணந்தார்.

1926இல் கட்சி சாராதவராகச் சென்னை மாகாண முதலமைச்சரானார். சைமன் குழுவின் வருகையையொட்டி எழுந்த பிளவில் ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி துறந்தனர். அவர்களுக்குப்பின் அமைச்சரான முத்தையா முதலியார் 1928இல் வகுப்புவாரி ஆணையைச் செயல்படுத்தினார். பன்னிரண்டு அரசுப் பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, இஸ்லாமியருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் அடங்கிய பிரிவுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்பது அதன் பங்கீடு. நமக்குக் கிடைத்த இரண்டை நன்றியோடு நினைக்கும் நாம், அவர்களுக்குக் கிடைத்த ஒன்றையும் மறத்தலாகாது.

பின்னர் அவர் காங்கிரசில் இணைந்து, 1937இல் இராஜாஜியின் அமைச்சரவையில் இடம்பெற்றார். இதற்கிடையே இங்கிலாந்தில் பயின்ற அவருடைய மக்களுள் மோகனும் பார்வதியும் பொதுவுடைமையராய்த் திரும்பினர். சென்னைச் சதி வழக்கில் மோகன் சிறை சென்றார். விடுதலைக்குப்பின் தந்தை மாகாணத்தின் உள்துறை அமைச்சர். 1948இல் பொதுவுடைமைக் கட்சியை ஒடுக்கும் பொறுப்பு அவருடைய துறையையே சார்ந்தது. கடமை ஒருபுறம், பெற்ற பாசம் மறுபுறம். அந்நாள்களில் அத்தந்தையின் உள்ளம் பட்ட பாட்டை எந்த ஆவணம் உரைக்கும்?

காலம் சென்றது. மூத்த மகன் 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மோகன் பிற்காலத்தில் காங்கிரசில் சேர்ந்து மத்திய அமைச்சராகி, 1973இல் விமான விபத்தில் மறைந்தார். தொழிற்சங்கப் பணியில் வாழ்ந்த பார்வதி கிருஷ்ணனை நம் கோவை 1957, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்கு அனுப்பியது. ஜமீன்தாரின் மகளை ஆலைத் தொழிலாளர் தம்முள் ஒருவராக ஏற்றனர்.

மகாராஷ்டிர ஆளுநராயிருந்த சுப்பராயன் 1962 அக்டோபரில் காலமானார். மக்களுக்கு நிலத்தை எழுதிவைக்கும் பெற்றோர் பலர். தம் வழிக்கு மாறான வழியைத் தேர்ந்துகொள்ளும் துணிவையும் அவர்களுக்குத் தருவோர் சிலரே. நம் பிள்ளைகள் நம்மோடு மாறுபட்டு நிற்கும் நாளில், அக்குமாரமங்கலத்து இல்லத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம்.