குடிமனை உரிமை வந்த வழி

உணவையும் உடையையும் உழைத்துத் தேடிக்கொள்ளலாம்; இருக்க இடம்? தஞ்சைத் தரணியின் களஞ்சியங்களை நிரப்பிய நம் முன்னோர்க்குத் தம் குடிசை நின்ற மண் சொந்தமாயில்லை. சுவர் அவர்கள் வைத்தது. கூரை அவர்கள் வேய்ந்தது. தரை மட்டும் மிராசுதாருடையது. கூலியை உயர்த்திக் கேட்டவரை அடக்க, 'மனையைக் காலி செய்' என்னும் ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது. ஆகவே, வீடின்மை என்பது கூரையின்மை மட்டுமன்று. காலூன்ற மண்ணின்மையும் ஆகும்.

இந்நிலை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையிலும் நம் மக்களின் குடிமனைக் குறை எடுத்துரைக்கப்பட்டது. 1920ஐ ஒட்டித் தொழிலாளர் நலத்துறை குடிமனைகள் வழங்கத் தொடங்கிற்று. ஆயினும் பண்ணையாட்களின் அச்சம் நீங்கவில்லை.

1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் வழிகாட்ட, தஞ்சையின் சேரி மக்கள் சங்கமாக ஒன்றுகூடினர். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1961இல் குடியிருப்போரை வெளியேற்றாமற் காக்கும் சட்டமும் வந்தன. எனினும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அவர்களுள் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளுமே. அடைக்கலம் தேடிப் புகுந்த குடிசையே அவர்களுக்குச் சுடுகாடாயிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம்தான், வேளாண் தொழிலாளரும் கைவினைஞரும் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கிற்று.

சட்டம் மண்ணைத் தந்தது. வீட்டை எழுப்ப மக்களே முன்வந்தனர். நம்மிடையே பிறந்த கிருஷ்ணம்மாள் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய 'லாஃப்டி' இயக்கம், நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்வித்தது. ஊர் மக்கள் தம் கைகளாலேயே செங்கல் அறுத்து வீடு கட்டவும் அவ்வியக்கம் துணைநின்றது.

இளைஞர்களே! பெற்றோர் சிலர் தம் மனைப்பட்டாவை நம்மிடம் கொணர்ந்து படித்துக் காட்டச் சொல்வதுண்டு. மறைந்த பாட்டனாரின் பெயரே இன்னும் அதில் இருக்கக் காண்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பட்டாவை இன்றே எடுத்துப் படியுங்கள். புல எண் யாது, பரப்பு எத்துணை, யார் பெயரில் உள்ளது எனப் பாருங்கள். பெயர் மாற்ற வேண்டியிருப்பின் மனுவை நீங்களே எழுதுங்கள். எழுதத் தெரியாத அண்டை வீட்டார்க்கும் எழுதிக் கொடுங்கள். முன்னோர் உயிர் கொடுத்துப் பெற்ற மண்ணைக் காப்பதற்கும் கல்வி பயன்படல் வேண்டும்.