பட்டாளத்துக்காரரின் மற்ற நூறு ஆண்டுகள்

போர் கண்ட முதியவர் ஒருவர் மறைந்ததும் எழுதப்படும் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன. களம், காயம், பதக்கம் என்று விரிவாகச் சொல்லிவிட்டு, மனைவி மக்களைக் கடைசி வரியில் சேர்க்கிறார்கள். இந்த வரிசை தவறு என்பது என் துணிபு. ஒருவருக்குப் போர் என்ன செய்தது என்பதையே அவருடைய வீட்டையும் தொழிலையும் வைத்துத்தான் அறிய முடியும். இங்கிலாந்தின் ஹாரி பேட்ச் இதற்கு நல்ல சான்று. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர். 1898 ஜூன் 17இல் பாத் நகரை அடுத்த கோம் டவுனில் பிறந்தார். 2009 ஜூலை 25இல், 111 வயதில் மறைந்தார். இத்தனை நீண்ட ஆயுளில் அவர் போர்முனையில் கழித்தது 1917 கோடையில் ஏறக்குறைய நான்கு மாதம்.

பிளம்பர் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞரைக் கட்டாய ஆள்சேர்ப்பு 1916இல் படைக்கு இழுத்தது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் ஒருவராகப் பெல்ஜியத்தின் பாஸண்டேல் போர்க்களச் சேற்றுக்குப் போனார். கூடுமானவரை யாரையும் கொல்வதில்லை, காலைப் பார்த்தே சுடுவது என்று அந்தக் குழுவினர் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். தன்னை நோக்கி ஓடிவந்த ஜெர்மானியச் சிப்பாயைப் பேட்ச் தோளிலும் காலிலும் சுட்டாரே தவிர, உயிரை எடுக்கவில்லை. செப்டம்பர் 22 இரவு வெடித்த குண்டில் தோழர்கள் மூவர் மாண்டனர். அவர் உடலில் பாய்ந்த உலோகத் துண்டை மயக்க மருந்தில்லாமலே எடுத்தார்கள். உடல் தேறிவந்த நாள்களில் பழக்கமான ஏடாவை 1919இல் மணந்து, இரண்டு மகன்களை வளர்த்தார். பிளம்பர் தொழிலில் நிலைத்தார். இரண்டாம் உலகப் போரில் பாத் நகரத் தீயணைப்புப் படையில் பணிசெய்தார். 1976இல் ஏடா இறக்கும்வரை, அரை நூற்றாண்டைத் தாண்டிய குடித்தனத்தில், மனைவியிடம்கூட அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. முதன்முதலாகப் பேசியது 1998இல், நூறு வயதில், பிபிசி ஆவணப்படத்துக்காக.

எண்பது ஆண்டு கழித்துச் சொன்னதை எப்படி நம்புவது என்ற ஐயம் நியாயமானதே. படைப்பிரிவு எந்த நாளில் எங்கே நின்றது என்பதற்கு அவர் நினைவைவிடப் படையின் நாட்குறிப்பே தக்க ஆதாரம். ஆனால் பேட்சின் சாட்சியம் அதைப் பற்றியதல்ல. முதியோர் இல்லத்தில் அவர் அறைக்கு எதிரே துணி அலமாரி அறை ஒன்று இருந்தது. இரவில் பணியாளர் அங்கே விளக்கைப் போடும்போது குழல்விளக்கு சிமிட்டும். அந்த ஒளி பட்டதும், தோழர்களைக் கொன்ற குண்டின் வெளிச்சம் அவருக்குத் திரும்பிவரும். மறந்துபோனவருக்கு இப்படி நேராது. அப்படியானால் அந்த மௌனம் தெரிந்தே காத்த மௌனம். அதன் சுமையை அவரும், காரணம் அறியாமல் அவர் குடும்பமும் சுமந்திருக்க வேண்டும். எந்தப் படை நாட்குறிப்பிலும் இதற்கு இடமில்லை.

அவரைவிடப் பெரிய வீரச்செயல் புரிந்தவர்கள் பலர் இருக்க, நீண்ட நாள் வாழ்ந்ததற்காகவா இவ்வளவு சிறப்பு என்றும் கேட்கலாம். ஆயுள் தற்செயல்தான். கிடைத்த ஆயுளை அவர் செலவிட்ட விதம் தற்செயலன்று. 2004இல், எதிரணியில் நின்று போரிட்ட அல்சாஸ்காரர் சார்ல்ஸ் குயன்ட்ஸைச் சந்தித்தார். குயன்ட்ஸ் பிஸ்கட் கொண்டுவந்தார்; பேட்ச் தம் சாமர்செட் பக்கத்து ஆப்பிள் மதுவைக் கொடுத்தார். நாடு முழுவதும் நவம்பர் 11ஐ நினைவு நாளாகக் கொள்ள, அவர் செப்டம்பர் 22ஐயே தம் துக்க நாளாகக் கொண்டார். வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், அவர் விருப்பப்படி, மரியாதைக்கான ஆயுதம்கூட இல்லை. பிரிட்டிஷ் வீரர்களோடு பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாட்டு வீரர்களும் சவப்பெட்டியுடன் நடந்தனர். பெற்றோரின் கல்லறைக்கு அருகே மங்க்டன் கோம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். இவை எல்லாம் ஒரு குடும்பஸ்தரின், ஒரு தொழிலாளியின் தீர்மானங்கள். அவருடைய போரைப் பற்றி நமக்குக் கிடைத்த தெளிவான விளக்கமும் இவையே.

நம் ஊர்களிலும் பட்டாளத்துத் தாத்தாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரலாற்றைப் பதிய முனைவோர், எந்தப் போரில் இருந்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். ஊர் திரும்பியபின் என்ன வேலை செய்தீர்கள், வீட்டில் எதைச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.