மேல் சுவாசப்பாதைத் தடை நோய்க்கூட்டறிகுறி

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி ஒடுங்குவதால், மூச்சை உள்ளிழுக்க உதரவிதானம் மிகுதியாக உழைக்க நேர்வதும், அவ்வுழைப்பே மூளையைச் சில நொடி அரைவிழிப்புகளுக்குத் திரும்பத் திரும்ப இழுத்து உறக்கத்தைக் குலைப்பதும் இந்நோயின் இயல்பாகும். காற்றுவழி முழுவதும் மூடிக்கொள்ளும் அடைப்புவகை உறக்க மூச்சின்மையில் நிகழ்வதுபோல இதில் இரத்த ஆக்சிஜன் பெரிதாகக் குறைவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டியன் கில்லெமினோவும் அவர் குழுவினரும் 1982-இல் குழந்தைகளிடம் இந்நிலையை விவரித்து, 1993-இல் பெரியவர்களிடம் கண்ட நிலைக்கு இப்பெயரை இட்டனர்.

குறட்டை விடும் பருத்த ஆண் என்ற வழக்கமான உருவத்துக்குள் இந்நோயாளர் பலர் அடங்குவதில்லை. மெலிந்த உடலும் சிறிய கீழ்த்தாடையும் குறுகிய மேலண்ணமும் உடையவர்களையும், பெண்களையும் இது கணிசமாகப் பாதிக்கிறது. இரவு முழுவதும் படுத்தெழுந்தும் தீராத அசதி, காலைத் தலைவலி, நடு இரவில் விழித்தபின் தூக்கம் பிடிக்காமை, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றோடு வருவோர், மனச்சோர்வுக்கோ நாட்பட்ட களைப்புக்கோ நெடுங்காலம் மருந்துண்ண நேர்வது இந்நோயின் பெருந்துயரம்.

அதற்குக் காரணம் அளவீட்டிலேயே இருக்கிறது. உறக்க ஆய்வறிக்கைகள் மூச்சு நின்ற, குறைந்த தடவைகள் மணிக்கு எத்தனை என எண்ணி, 5-க்குக் கீழிருந்தால் இயல்பு என்கின்றன. மூளை அலைகளைப் பதியாத வீட்டுச் சோதனையிலோ அரைவிழிப்புகள் தென்படுவதே இல்லை. உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தால், 10 நொடியோ அதற்கு மேலோ ஒவ்வொரு மூச்சிலும் உறிஞ்சழுத்தம் ஏறிக்கொண்டே சென்று, மூளை விழித்ததும் சட்டெனத் தணிவதைக் காணலாம். இத்துல்லிய முறை பெரும்பாலான நிலையங்களில் வழக்கத்தில் இல்லாமையால், மூக்கருகே பொருத்தும் அழுத்த உணரியின் வரைபடத்தில், வில்லாக வளைய வேண்டிய உள்மூச்சு அலையின் முகடு தட்டையாகிக் கிடப்பதை மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டும். 2014-இல் வெளியான உறக்க நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு இந்நோயை அடைப்புவகை மூச்சின்மையிலேயே சேர்த்துள்ளது.

சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியே முதன்மைச் சிகிச்சை. எளிதில் விழித்துக்கொள்ளும் இந்நோயாளர்க்கு முகமூடியே உறக்கத்தைக் கெடுக்கலாமாதலால், முகமூடியை மாற்றியும், உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் வெவ்வேறு அழுத்தம் தரும் கருவிக்கு மாறியும் பொறுமையாகப் பழக்க வேண்டியுள்ளது. உறக்க ஆய்வறிக்கையின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே குறைவாயிருப்பதால், பகல்நேரத் தெளிவு மீள்வதையே பலனாகக் கொள்வது பொருந்தும். மூக்கு ஒவ்வாமைக்கான மருத்துவமும், கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல்லணியும் சிலருக்கு உதவுகின்றன. வளரும் குழந்தைகளின் குறுகிய அண்ணத்தைப் பல் மருத்துவர் சிறு திருகுடைய கருவியால் படிப்படியாக விரிக்கையில், அண்ணத்தோடு மூக்குத் தளமும் அகன்று காற்றுவழி விரிகிறது.