எட்டும் விலைக்கு வந்த கிதார்

ஓர் இசைக்கருவி ஒரு நிலப்பகுதியில் வேரூன்றியதற்கு இசைஞரின் திறமையும் கேட்போரின் சுவையுமே காரணம் என்று வரலாறு எழுதுவோர் சொல்வது வழக்கம். செங்கல்பட்டிலும் அதற்குக் கிழக்கே திருப்போரூர், கோவளம், மாமல்லபுரம் எனக் கடலோரமாக நீளும் ஊர்களிலும் மின் கிதார் பரவிய விதத்தைப் பார்த்தால், சுவையைவிடச் சுங்க வரியும் இறக்குமதி உரிமமுமே அங்கு கூடுதலாகப் பேசியிருப்பது தெரியவரும். எவர் வாசித்தார் என்பதைவிட எவரால் வாங்க முடிந்தது என்பதே இவ்வரலாற்றை நடத்திச் செல்லும் வினா.

இவ்வினா இக்கரைக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை, யாழைக் கையில் ஏந்திய வறிய பாணனை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்தும்போது, இன்றைய மரக்காணம் என்று பெரும்பாலோர் கருதும் எயிற்பட்டினத்தின் வழியே அவனை நடத்துகிறது; பெரும்பாணாற்றுப்படை காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனை நோக்கிச் செல்லும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைப் பாடுகிறது, அத்துறைமுகம் மாமல்லபுரமே என்று கொள்ளும் அறிஞரும் உண்டு. ஏழு நரம்புகள் கொண்ட சீறியாழ் என்னும் சிறிய யாழ், பசியோடு ஊர்ஊராக அலைந்தவனின் கைக்கருவியாகவே சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. சில நூற்றாண்டுகளுக்குப் பின், பல்லவர் காலத்தில், நரம்புக்கருவி அரசனின் விருதுப்பெயருக்குள் ஏறிவிட்டது: மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலைக் கட்டிய இராசசிம்மன், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பொறித்துள்ள நீண்ட பட்டப்பெயர் வரிசையில் தன்னை வீணா நாரதன் என்றும் அழைத்துக்கொள்கிறான். வீணை நுட்பமடைந்தது உண்மை. ஆனால் அந்நுட்பத்தின் விலையையும் அது கோரும் ஓய்வு நேரத்தையும் வீதியில் நடந்தவன் தாங்கியிருக்க முடியாது.

மின் கிதாரின் பிறப்பு இதற்கு எதிர்த்திசையில், அதாவது கருவியை எளிமையாக்கும் திசையில், நிகழ்ந்தது. 1931இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பூச்சாம்ப் உருவாக்கி, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் கூட்டோடு விற்பனைக்கு வந்த கருவி, வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வறுசட்டி' என்றே பெயர் பெற்றது. அக்கருவியின் உயிர்நிலை 'பிக்கப்' எனப்படும் உறுப்பு: காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி, அதன் மேலே எஃகுத் தந்தி அதிரும்படி அமைத்தால், தந்தியின் அசைவு காந்தப்புலத்தைக் கலைத்துக் கம்பியில் நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்பும்; அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது 'ஆம்ப்' என்று வாசிப்போர் சுருக்கிச் சொல்லும் பெருக்கியின் வேலை.

ஒலியைப் பெரிதாக்கும் பொறுப்பு மின்சாரத்திடம் சென்றதால், வீணையின் குடத்தைப் போலவோ சாதாரண கிதாரின் உள்ளீடற்ற பெட்டியைப் போலவோ மரத்தைக் குடைந்தோ மெலிதாக இழைத்தோ எடுக்கும் தேவை மறைந்தது. லியோ ஃபெண்டர் 1950இல் வெளியிட்டு மறு ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாற்றிய கருவி, ஏறத்தாழ ஒரு தட்டைப் பலகை; அதன் கழுத்து ஒட்டப்படாமல் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. மெட்டுகள், குதிரை, பிருடை என வீணைக்காரர் அறிந்த உறுப்புகள் அனைத்தும் அதில் வேறு வடிவில் இருந்தன என்றாலும், அவற்றைத் தனித்தனியே செய்து பின்னர் கூட்டலாம், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மலிவான மின் கிதார் என்னும் பொருள் பிற்காலத்தில் சாத்தியமானதற்கு மூலக்காரணம் இந்தக் கட்டமைப்பே. ஒரு நல்ல வீணையை இப்படிப் பிரித்துத் தொழிற்சாலை வரிசையில் ஓடவிட முடியாது.

ஆனால் இந்த எளிமை சென்னையை எளிதில் எட்டவில்லை. 1842இல் தொடங்கப்பட்டு அண்ணா சாலையில் இன்றும் இயங்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் மேனாட்டுக் கருவிகளுக்கு வாயிலாக இருந்தன எனினும், விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதி உரிமமுறையால் இறுக்கப்பட்டிருந்தது. உரிமம் கிடைத்தாலும் சுங்க வரி பொருளின் விலையையே விழுங்கும் அளவில் இருந்தது. 1991 ஜூலையில் உச்ச வரியை 150 விழுக்காட்டுக்குக் குறைத்ததே சீர்திருத்தமாகப் பேசப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே வெளிநாட்டு மின் கிதார் என்பது கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் ஊதியம் ஈட்டும் தொழில்முறைக் கலைஞரின் முதலீடாகவே பல காலம் நின்றது. இளையராஜாவின் பதிவுகளில் சதானந்தமும் சந்திரசேகரும் வாசித்த கிதார் ஒலி வானொலி வழியே சிற்றூர்வரை பரவியபோது, அவ்வொலியை அறியாத காது அரிதாயிற்று; அக்கருவியைத் தொட்ட கை அதனினும் அரிது.

இந்த இடைவெளியை நிரப்பியவை கல்கத்தாப் பட்டறைகள். கிவ்சன், ஹாப்னர் என்று மேலைநாட்டுப் புகழ்ப்பெயர்களின் சாயலில் பெயர் தாங்கி அங்கிருந்து வந்த கிதார்கள், கோயில் திருவிழாவிலும் திருமணத்திலும் திரைப்பாடல் வழங்கும் மெல்லிசைக் குழுக்களுக்கும், தேவாலயப் பாடற்குழுக்களுக்கும் எட்டும் விலையில் கிடைத்தன. அக்குழுக்களில் பாட்டின் முன்னிசையையும் இடையிசையையும் எடுக்கும் லீட் கிதார், சுரக்கூட்டுகளைத் தாளத்தோடு மீட்டும் ரிதம் கிதார், அடிநாதம் காக்கும் பேஸ் கிதார் என்னும் பங்கீடு நிலைபெற்றது. கருவி ஒருவருடையதாகவும் ஆம்ப் குழுவுக்குப் பொதுவாகவும் இருப்பது உண்டு. மலிவுக் கருவிகளைப் பழிப்பது எளிது: மெட்டுகள் சமனற்றிருக்கும், பிருடை நழுவிச் சுருதி இறங்கும், பிக்கப் இரையும். எனினும் ஒரு தலைமுறையின் விரல்கள் அவற்றில்தான் பழகின என்பதால், இசை வரலாற்றில் அவற்றுக்குரிய இடம் இதுவரை தரப்பட்டதைவிடப் பெரியது.

சபா மேடைகளின் கதை சற்று வேறு. 1981இல் சென்னையில் முதலில் வாசித்த சிறுவர் யு. சீனிவாஸ், எட்டுத் தந்தி மேண்டலினை ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின்கருவியாக மாற்றிக்கொண்டார். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்துக்குத் தேவையான நீடித்த நாதத்தைச் சாதாரண மேண்டலின் தராது, மின்பெருக்கம் தரும். சுகுமார் பிரசாத்தும் அவரைத் தொடர்ந்து பிரசன்னாவும் மின் கிதாரிலேயே கருநாடக இசை வாசித்தனர். திரையிசையின் ஆரவாரக் கருவி என்று ஒதுக்கப்பட்டதற்கு இதனால் ஒரு மரியாதை கிடைத்தது. விலை மட்டும் இறங்கவில்லை.

விலையை இறக்கியது உலக உற்பத்தியின் இடப்பெயர்ச்சி. ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஸ்குவையர் என்னும் பெயரில் தன் வடிவங்களை ஜப்பானில் செய்யத் தொடங்கியது. பின்னர் அவ்வேலை கொரியா, சீனா, இந்தோனேசியா எனக் கூலி குறைந்த நாடுகளுக்கு நகர்ந்தது. கணினி வழி இயங்கும் வெட்டுப்பொறிகள் மெட்டுக் கழுத்தை ஒரே அளவில் அறுத்துத் தந்ததால், மலிவானது என்றாலே வாசிக்கத் தகாதது என்னும் நிலை மாறியது. இந்தியாவில் எஞ்சியிருந்த நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கிய பின், இக்கருவிகள் கடைத்தெருவுக்கு வந்தன. இன்று இருபதாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே சுருதி நிற்கும் ஒரு மின் கிதாரை வாங்கிவிடலாம். கோவளத்தில் 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு இசை விழா போன்றவை கடற்கரைக்கே மின் இசைக் குழுக்களை அழைத்து வந்தன. கடலோரத்தில் இக்கருவியை வைத்திருப்போருக்கு ஒரு தனிச் செலவும் உண்டு: உப்புக் காற்றில் எஃகுத் தந்தி விரைவில் துருப்பிடிப்பதால், வாசித்த உடனே துணியால் துடைத்து உறைக்குள் வைக்காவிட்டால் உட்பகுதியில் வாழும் நண்பரைவிட அடிக்கடி தந்தி மாற்ற நேரும்.

2019இல் இக்கதை எதிர்பாராத இடத்தில் திரும்பியது. திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், பையனூரை ஒட்டிய தொழில் நகரில், ஜப்பானின் யமஹா நிறுவனம் தன் இந்தியத் தொழிற்சாலையை இயக்கத் தொடங்கியது. காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அதே ஆண்டு நவம்பரில்தான். கீபோர்டுகளும் ஒலிபெருக்கிச் சாதனங்களும் கிதார்களும் அத்தொழிற்சாலையில் உருவாகின்றன. ஆனால் அந்தக் கிதார்கள் பெட்டிக் கிதார்கள். பலகைக் கிதார்கள் இன்னும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலேறியே வருகின்றன. வரியும் கிதாரையும் வீணையையும் தனித்தனியே வைத்திருக்கிறது: 2017 நவம்பரில் இசைக்கருவிகளுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டபோது, கையால் செய்யப்படும் வீணை முதலிய உள்நாட்டுக் கருவிகள் அதற்கு முன்பே வரிவிலக்குப் பட்டியலில் இருந்தன. பலகைக் கிதார் இன்னும் பெரும்பாலும் கப்பலேறியே வருவதால், மாவட்டத்தில் செய்த பெட்டிக் கிதாரை வாங்கி, அதன் ஒலித்துளையின் குறுக்கே தனியாக விற்கும் ஒரு பிக்கப்பைப் பொருத்தி, ஆம்போடு இணைத்து மேடையேறுவது கையில் பணம் குறைந்த இளைஞருக்கு இன்றும் திறந்திருக்கும் வழிகளுள் ஒன்று.