தொலையவிருந்த விளையாட்டுகளைக் காப்பாற்றிய இரசிகர்கள்



சென்ற மாதம் எனது உரை கணனி விளையாட்டுகளைப் பற்றியது என்று அறிவித்தபோது ஓர் அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, பிள்ளையள் ஏற்கனவே அதுக்குள்ளைதான் கிடக்கினம். இப்ப நீங்களும் தொடங்கிட்டீங்களோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கணக்காளர், பேரேடும் வரிப் படிவமும்தான் எனக்குத் தெரிந்த உலகம். அன்று நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் பேசியது சுடுகிற, கார் ஓட்டுகிற விளையாட்டுகளைப் பற்றி அல்ல. 'பொயின்ட் அன்ட் கிளிக்' என்ற சாகச விளையாட்டுகளைப் பற்றி. திரையில் ஒரு காட்சி இருக்கும். சுட்டியால் ஒரு பொருளைத் தொட்டு எடுக்கலாம், ஒரு மனிதரோடு பேசலாம், ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். அவசரமில்லை. யோசித்துப் புதிரை அவிழ்த்தால் கதை நகரும். எங்கள் ஆச்சிமார் நொடி போட்டு விடை கேட்ட பழக்கத்துக்கு இது தூரத்து உறவு.

எங்கள் வீட்டுக்கு இது வந்தது 2004இல். இல்ஃபோர்ட்டில் அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். மகனுக்குப் பத்து வயது. கார் பூட் சந்தையில் வாங்கிய பழைய கணனியில் புதிய விளையாட்டு எதுவும் ஓடாது. வாங்கக் காசும் இல்லை. அவனுடைய பள்ளிக்கூட நண்பன் ஒருவன் இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒன்றைக் கொடுத்துவிட்டான். 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்பது அதன் பெயர். 'உருக்கு வானத்தின் கீழே' என்று சொல்லலாம். இங்கிலாந்தின் ஹல் நகரில் தொடங்கிய ரெவலூஷன் என்ற நிறுவனம், சார்ள்ஸ் செசில் என்பவரின் தலைமையில் 1994இல் வெளியிட்டது. 'வாட்ச்மென்' சித்திரக்கதையை வரைந்த டேவ் கிப்பன்ஸ் அதற்குப் படம் வரைந்தவர்.

கதையின் நாயகன் ரொபேர்ட் பொஸ்டர் நகரத்துக்கு வெளியே, வெட்டவெளியில் ஒரு குழுவினரால் வளர்க்கப்பட்டவன். ஆயுதம் தாங்கியவர்கள் அவனைப் பிடித்து ஒரு பெருநகரத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அங்கே அவனுக்கு ஆளும் இல்லை, பத்திரமும் இல்லை. இறந்து கிடக்கும் ஓர் அதிகாரியின் அடையாள அட்டையை எடுத்தால்தான் லிஃப்ட் வேலை செய்யும். அந்த இடத்தில் மகன் நெடுநேரம் தடுமாறினான். "செத்த ஆளின்ரை அட்டையை ஏன் அப்பா எடுக்கவேணும்?" என்று கேட்டான். எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. சோதனைச் சாவடியில் அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றவனுக்கு அதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அன்றிரவுதான் நான் ஊரை விட்டு வந்த கதையை முதல்முறையாக அவனுக்குச் சொன்னேன்.

அவன் ஆங்கிலத்தை வேகமாக வாசிப்பான், நான் புதிரை யோசிப்பேன். இப்படி இரண்டு மாதம் போனது. பத்து வருடப் பழைய விளையாட்டு எப்படி எங்கள் கணனியில் ஓடியது, ஏன் இலவசமாகக் கிடைத்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பின்னர் தேடி வாசித்தபோது ஒரு வரலாறே விரிந்தது.

அமெரிக்காவில் வில்லியம் குரோதர் என்ற கணனி நிரலாளர், தான் நடந்து திரிந்த குகைகளை வைத்து 1970களின் நடுப்பகுதியில் ஒரு விளையாட்டு எழுதினார். 1977இல் டொன் வூட்ஸ் அதை விரித்தார். அதில் படமே இல்லை, எழுத்து மட்டும்தான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று ஆங்கிலத்தில் தட்டெழுத வேண்டும். 1980இல் றொபேர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் 'மிஸ்ட்ரி ஹவுஸ்' என்ற விளையாட்டில் படத்தைச் சேர்த்தார்கள். அவர்களுடைய நிறுவனம்தான் பின்னாளில் சியரா என்று பெயர் பெற்றது. 1984இல் 'கிங்ஸ் குவெஸ்ட்' வந்ததும் அங்கிருந்துதான்.

பெரிய திருப்பம் 1987இல். 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜோர்ஜ் லூக்காஸின் விளையாட்டுப் பிரிவில் ரோன் கில்பேர்ட்டும் கேரி வினிக்கும் 'மேனியக் மான்ஷன்' செய்தார்கள். திற, எடு, கொடு, தள்ளு என்ற வினைச்சொற்கள் திரையின் அடியிலேயே இருந்தன. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தேவையில்லை, சுட்டிச் சொடுக்கினால் போதும். என்னைப் போல ஆங்கிலம் வாயில் வராமல் நின்ற ஒருவருக்கு இது சின்ன விடயம் அல்ல. 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' இந்த முறையை உலகமெங்கும் பரப்பியது.

இங்கேதான் இரசிகர்களின் நீண்ட வாக்குவாதம் ஆரம்பிக்கிறது. சியராவின் விளையாட்டுகளில் பிழை விட்டால் நாயகன் செத்துவிடுவான். சில வேளை சாகாமலேயே வழி அடைபடும். 1990இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் பாகத்தில் ஒரு பை என்ற பலகாரம் கிடைக்கும். பசிக்கிறது என்று நாயகனை அதைச் சாப்பிட வைத்துவிட்டால், பிறகு பனிமலையில் வரும் எற்றி என்ற பெரிய விலங்கின் மீது எறிய ஒன்றும் இராது. பல மணி நேரம் முந்திச் செய்த பிழை அப்போதுதான் தெரியவரும். இது அநியாயம் என்று ரோன் கில்பேர்ட் 1989இலேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆபத்து இல்லாவிட்டால் சாகசம் எதற்கு என்று மறுபக்கம் கேட்டார்கள். இன்றும் இந்த இரசிகர்கள் நாலுபேர் கூடினால் இதே வழக்குத்தான்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்றும் உண்டு. தடுமாறி நிற்பவருக்கு விடையை உடனே சொல்லமாட்டார்கள். 1988இல் தொடங்கிய ஒரு குறிப்பு முறையில், முதலில் மெல்லிய சாடை, பிறகு கொஞ்சம் தெளிவு, கடைசியில்தான் விடை என்று படிப்படியாகத் திறக்கும். நல்ல ஆசிரியர்கள் கணக்குச் சொல்லித்தருவதும் இப்படித்தான்.

1993இல் 'மிஸ்ட்' வந்தது. கோடிக்கணக்கான டொலர் ஈட்டிய அதன் பிறகு, அலை மெல்ல மெல்ல இறங்கியது. துப்பாக்கி விளையாட்டுகள் சந்தையைப் பிடித்தன. 1998இல் 'கிரிம் ஃபன்டாங்கோ'வைப் புகழாதவர் இல்லை, ஆனால் விற்பனை போதவில்லை. 1999இல் சியராவின் பழைய பணிமனை மூடப்பட்டு ஊழியர்கள் வேலையிழந்தனர். 2004இல் லூக்காஸ் ஆர்ட்ஸ், பாதிவழியில் இருந்த 'சாம் அன்ட் மாக்ஸ்' புதிய பாகத்தைக் கைவிட்டது. நிறுவனங்கள் கணக்கை மூடிவிட்டன. என் தொழிலில் இதை ஒரே வரியில் எழுதிவிடுவோம்.

விற்பனை போனதோடு இன்னொரு ஆபத்தும் வந்தது. கணனிகள் மாற மாற, பழைய வட்டுகள் கையில் இருந்தும் ஓடவில்லை. வீட்டில் கசெட் இருக்கிறது, போட்டுக் கேட்க ரேப் ரெக்கோடர் இல்லை என்ற நிலைதான். 2001இல் சில ஆர்வலர்கள் 'ஸ்கம்விஎம்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். விளையாட்டின் கதை, படம், ஒலி எல்லாம் பழைய கோப்புகளிலேயே இருக்கும். அவற்றை வாசிக்கும் இயந்திரத்தை மட்டும் இவர்கள் புதிய கணனிக்கு ஏற்றபடி திரும்பச் செய்தார்கள். சம்பளம் இல்லாத வேலை. ரெவலூஷன் நிறுவனம் தன் மூலநிரலை நம்பி அவர்களிடம் கொடுத்தது. 2003இல் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' இலவசமாக விடப்பட்டது. அடுத்த வருடம் அது எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முகம் தெரியாத யாரோ இரவிரவாக இருந்து செய்த வேலையால்தான் அப்பனும் மகனும் ஒரு மேசையில் இருந்தோம்.

காத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கிறிஸ் ஜோன்ஸ் என்ற பிரித்தானியர் 1990களின் இறுதியில் உருவாக்கிய 'அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ' என்ற கருவியால் சாதாரண இரசிகர்களும் புதிய விளையாட்டுகளைச் செய்தார்கள். 2012இல் ரிம் ஷேஃபர் என்பவரின் நிறுவனம் புதிய சாகச விளையாட்டுக்கு மக்களிடம் 4 இலட்சம் டொலர் கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். வகுத்துப் பார்த்தேன், ஆளுக்குச் சராசரி 38 டொலர். அந்தக் காசும் போதாமல் விளையாட்டை இரண்டு பாகமாக 2014இலும் 2015இலும் விட்டது வேறு கதை; செலவை மதிப்பிடும்போது கணக்காளரைக் கேட்டிருக்கலாம்! 2020இல் பொஸ்டரின் கதை தொடர்ந்தது. 2022இல் ரோன் கில்பேர்ட் மங்கி ஐலண்டுக்குத் திரும்பினார். அதன் படங்களின் பாணி பிடிக்கவில்லை என்று சில இரசிகர்கள் அவரைத் தாறுமாறாக ஏசியதையும் சொல்லத்தான் வேண்டும். அன்பு கூடினால் உரிமையும் கூடிவிடுகிறது.

இனி எங்கள் பக்கம். கனடாவின் ரொறன்ரோவில் அபி என்ற தமிழரின் தலைமையில் இயங்கும் 'விசை கேம்ஸ்' 2023இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன் தம்பதியர், அவர்களின் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. மிஞ்சியதை வைத்து இட்லி, புட்டு, பிரியாணி எப்படிச் செய்வது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் புதிர். இது பொயின்ட் அன்ட் கிளிக் வகைதானா என்று இரசிகர்கள் வாதாடலாம். பொருளைத் தொட்டு எடுத்து, எதை எதோடு சேர்ப்பது என்று யோசிப்பதால் நான் அந்தக் கணக்கில்தான் பதிகிறேன். 2024 ஏப்ரலில் இங்கே லண்டனில், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

மகன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். புட்டுக் குழலைக் கண்டதும் மனைவி, "நாங்கள் நீத்துப்பெட்டியிலை எல்லோ அவிக்கிறனாங்கள்" என்று வழக்குக்கு நின்றா. பின்னர் கதையில் கவின் வளர்ந்து, அம்மாவின் தமிழ்க் குறிப்பைத் தானே வாசித்துச் சமைக்கப் பார்க்கிறான். அவனுடைய தமிழ் அரைகுறை. என் மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, இதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்றான். 2004இல் அவன் எனக்கு ஆங்கிலம் வாசித்தான். அவனுக்குத் தமிழ் எழுத்தை ஒழுங்காகப் பழக்காமல் விட்டது நான்தான். இரண்டு வேலை செய்த காலம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது என் பற்றுப் பக்கத்தில்தான் நிற்கிறது. இப்போது ஞாயிறு பின்னேரங்களில் இருவரும் எழுத்துக் கூட்டுகிறோம்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. கிழிந்த புத்தகம் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில், எங்கள் தன்னார்வலர்களும் அந்த விளையாட்டு இரசிகர்களைப் போலத்தான் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்வடிவாக்கி எல்லோருக்கும் இலவசமாக வைத்தார்கள்.

எங்கள் வானொலியின் ஆரம்பகால உரைகளில் பல எங்களிடமே இல்லை. ஒரே கசெட்டில் திரும்பத் திரும்பப் பதிந்தோம், காசு மிச்சம் என்று. அந்த யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். வானொலியில் பேசியதை வீட்டில் பதிந்து வைத்திருந்த நேயர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பரணில், அலமாரியின் அடித்தட்டில், பழைய சூட்கேசில் கசெட் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். மின்வடிவாக்கி, உங்கள் கசெட்டை உங்களிடமே திருப்பித் தருவோம். ரேப் ரெக்கோடர் ஒன்று இன்னமும் வேலை செய்கிறது. அதைத் திருத்தி வைத்திருப்பவன் என் மகன்.