லாரிப் பட்டையில் ஒரு கத்தி

புனே அருகிலுள்ள சாகண் சாலைகளில் இரவும் பகலும் லாரிகள்தான். பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன், பென்ஸ் ஆலைகள் இருக்கும் ஊர் அது. அந்த லாரிகளுக்கு அடியில் வளைந்து நிமிர்ந்தே காலம் தள்ளும் ஸ்பிரிங் பட்டை, தளர்ந்ததும் பழைய இரும்புக் கடைக்கு வந்துசேரும். கத்தி செய்ய அங்கே அதை எடைக்கு வாங்கலாம். நம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் இதே லாரிப் பட்டைதான். கரி 0.5 முதல் 0.6 சதவீதம், கூடவே சிலிக்கானோ குரோமியமோ கலந்திருக்கும். கூரும் நிற்கும், சட்டென்று முறியவும் முறியாது.

ஆனால் பல வருடச் சுமையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். பழுத்த எஃகைச் சட்டென்று குளிர்விக்கும் தோய்ச்சலின்போதுதான் அது வெளிப்படும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். வண்டியில் ஏறாத புதுப்பட்டைத் துண்டு கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன்.

உலையில் பழுக்கவைத்து வளைவை நிமிர்த்தி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அரம் பிடிக்கும். வடிவம் வந்தபின் தோய்ச்சல். தண்ணீரில் முக்கினால் இந்த எஃகு வெடிக்கக்கூடும். இளஞ்சூட்டு எண்ணெயே போதும். நிறத்தை மட்டும் நம்பாமல் காந்தத்தையும் வைத்துப் பார்க்கலாம். 770 டிகிரியை ஒட்டி எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேலும் சற்று ஏற்றி, கூர்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்கினால் வாய் இறுகும், முதுகு இளக்கமாகவே நிற்கும். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் வைக்கோல் நிறம் ஏறும். ஃபெரிக் குளோரைடில் நனைத்ததும் இரண்டு பதமும் சந்திக்கும் கோடு மங்கலாகத் தெரியும். கைப்பிடியில் செய்யும் எந்த அலங்காரத்தையும்விட எனக்கு அந்தக் கோடுதான் அழகு.

கத்தி முடிந்த பிறகே உறை. கோலாப்பூர் செருப்புத் தோலைப் போல மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டதாக இருக்க வேண்டும். குரோமில் பதனிட்ட தோல் நனைத்து அழுத்தினாலும் சரியாக வடிவம் பிடிக்காது. கத்தியை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, ஈரத்தோலை அதன்மேல் அழுத்திக் காயவிட வேண்டும். தையலோரம் உள்ளே ஒரு தோல்பட்டி வைக்காவிட்டால் கூர் முதலில் அறுப்பது நூலைத்தான். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து எதிரெதிராகத் தைத்தால், ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

இத்தனை பாடுபட்டுச் செய்த உறையிலேயே கத்தியை மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. தோலில் தங்கும் ஈரமும் துவர்ப்பும் துருவேற்றிவிடும். சாகண் சந்தை வெங்காயத்துக்குப் பேர்போனது; நறுக்க நறுக்க எஃகின்மேல் நீலமும் சாம்பலுமாகக் கறை படரும். துருவை ஓரளவு தடுக்கும் படலம் அது, தேய்த்துப் போக்க வேண்டாம். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைத்தால் போதும்.